முடியை வெட்டியது யார்?

ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டுவருகிறவர், "லாடம் அடிச்சுட்டுத்தானுங்க வந்தேன்" என்பார். அடித்தவர் வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தானாகப் புரியும். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை குறைவு. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரியை நீங்களே பிடித்ததாகிவிடும். சலூனுக்குப் போயிருந்தால் 'ஐ ஹேட் மை ஹேர் கட்'. பொருள் நடுவில், வினை அதன் பின்னால், மூன்றாம் வடிவத்தில். 'ஐ ஹேட் மை பைக் ரிப்பேர்ட்' என்பதும் அப்படியே.

செய்தவரையும் சொல்வதென்றால் வினை முதல் வடிவத்துக்குத் திரும்பும்: 'ஐ ஹேட் த மெக்கானிக் ரிப்பேர் இட்'.

நமக்கு 'வரவை', 'செய்யவை' என ஒரே 'வை' பெரும்பாலும் போதும். ஆங்கிலம் தோரணை பார்க்கும். வேலையை ஒப்படைத்தால் 'ஹேவ்', பேசிச் சம்மதிக்க வைத்தால் 'கெட்', கட்டாயப்படுத்தினால் 'மேக்', தடுக்காமல் விட்டால் 'லெட்'. மெக்கானிக்கிடம் 'மேக்' போட்டால் மிரட்டியதாகத் தொனிக்கும்!

இந்த நான்கில் ஆளுக்குப் பின் 'டு' கேட்பது 'கெட்' மட்டும்: 'ஐ காட் ஹிம் டு கம்'. நம்மில் பலர் 'ஐ மேட் ஹிம் டு கம்' என்கிறோம். அங்கே 'டு' வேண்டாம்.

பிறரைச் செய்யவைக்கும் இந்த அமைப்பு, பள்ளியில் தமிழில் படித்த பிறவினைதான்: செய், செய்வி, நட, நடப்பி.

பழக, மாவு அரைத்து வாங்கியது, சட்டை தைக்கக் கொடுத்தது, மகனைக் கடைக்குப் போகவைத்தது என அன்றன்று நடந்ததில் மூன்று வாக்கியம் எழுதுங்கள்.