பழைய வீட்டின் மூன்றாவது கம்பி

வடநாட்டு நகரங்களில் பயிலும் நம் மாணவர்களுட் பலர் குடியிருப்பது பழைய வீடுகளின் மாடியறைகளில். மார்கழி பிறந்துவிட்டால், வாளித் தண்ணீரில் சூடேற்றும் மின்கோலைத் தொங்கவிடாத அறை இராது. அந்தக் கோலின் பிளக்கில் மூன்று முனைகள் உள்ளன. மின்சாரம் வந்து போக இரண்டு போதுமே, மூன்றாவது எதற்கு?

முதல் இரண்டில் ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். தெருவிலுள்ள மின்மாற்றியில் இந்த நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. குறைந்தது இரண்டு தனித்தனி இணைப்புகள் வேண்டுமென்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. ஆகவே நாம் நிற்கும் தரையும் மின்சுற்றில் ஒரு பாகமே. இஸ்திரிப் பெட்டியினுள் பேஸ் கம்பி தன் மேலுறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டுவிட்டால், பெட்டி முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்தை அடையும். தொடுபவரின் உடல் வழியாக மின்னோட்டம் தரையில் இறங்கி மின்மாற்றிக்குத் திரும்பும். அதற்கு முன்பே எளிய வழியொன்றைத் திறந்து வைத்து, பியூஸை உருகச் செய்வதே மூன்றாவது கம்பியின் வேலை. அதன் முனை மட்டும் நீண்டிருப்பதும் காரணத்தோடுதான்: செருகும்போது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும்.

இக்கம்பி சென்று முடியும் இடம் வீட்டோரத்தில் தோண்டிய ஒரு குழி. துளையிட்ட, நாகம் பூசிய இரும்புக் குழாயை, ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளத்தில், அதில் நட்டுச் சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு, மேலே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரம் உள்ளவரை மண் நன்கு கடத்தும். கோடையில் காய்ந்தால் தடை ஏறும்.

அதனால் என்ன கேடு? கணக்கிட்டுப் பார்ப்போம். குழியின் தடை 10 ஓம், மின்மாற்றிப் பக்கம் 2 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 12-ஆல் வகுக்க, ஏறக்குறைய 19 ஆம்பியர். 5 ஆம்பியர் விளக்குச் சுற்றானால் பியூஸ் உருகிவிடும். 15 ஆம்பியர் சுற்றிலோ, பழைய பீங்கான் பியூஸின் கம்பி, குறித்த அளவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஓடினாலன்றி உருகாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் இந்த அளவுக்கு உடனே விழாது. உலோக உறையில் 190 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் உண்டு, பாதுகாப்பு இல்லை! இதைத்தான் பலர் உணர்வதில்லை.

குழியே இல்லாத வீடுகளும் உள. சிலவற்றில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பின்னாளில் யாரேனும் நடுவே பிளாஸ்டிக் குழாய் போட்டால், எர்த் போனது ஒருபுறமிருக்க, குளியலறைக் குழாயே ஆபத்தாகிவிடும்.

இதைவிடக் கொடியது, பிளக் பெட்டிக்குள் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. சோதித்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றேனும் அறுந்தால், ஓடிக்கொண்டிருந்த விசிறியின் சுருள் வழியாகப் பேஸ் அழுத்தம் நியூட்ரலுக்கு வந்து, பழுதேயில்லாத கருவிகளின் உறையிலும் ஏறி நிற்கும். விசிறி நின்றுவிட்டதால் மின்சாரம் இல்லையென்று எண்ணித் துணிந்து கை வைப்போம் அன்றோ?

இன்று இதற்கு நல்ல துணை ஒன்று உண்டு, ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் துண்டிப்பான். பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வீடுகளுக்குரிய வகை, 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே நொடியின் சிறு பகுதியில் சுற்றை அறுத்துவிடும். குழி 100 ஓமாகவே இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும். அதற்கு அது தாராளம். வாடகைக்கு அறை பார்க்கும்போது மீட்டர்ப் பலகையில் இது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மின் பணியாளர் சிலர் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 40 வாட் பல்பை வைத்து, "எரிகிறது, எர்த் நன்றாயிருக்கிறது" என்பர். அந்தப் பல்பு இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. 50 ஓம் குழியிலும் அது ஏறத்தாழ அதே ஒளியோடு எரியும். தடையளக்கும் கருவியைக் கொண்டு அளந்தால்தான் உண்மை தெரியும். துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானும் அப்படியே: துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அது காட்டும், குழியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.