பதினெட்டு முடிந்தால் பெட்டி கட்டணுமா?

கே: பக்கத்துக் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பையன், கடைக்கு வந்துபோய் எங்கள் குடும்பத்தில் ஒருவன்போல ஆகிவிட்டான். அடுத்த மாதம் 18 முடிகிறது. இல்லத்தை விட்டுப் போக வேண்டுமாம். கல்லூரியில் படிக்க ஆசை. என்ன வழி?
– மளிகைக் கடைக்காரர், தூத்துக்குடி

பதறாதீர்கள் அண்ணாச்சி. பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு பையனைத் தெருவில் விடச் சொல்லவில்லை சட்டம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இப்படி வெளியேறுபவர்களுக்குப் பண உதவிக்கு வழி வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பிற்காப்பு. 21 வயது வரை கிடைக்கும். அவசியமென்றால் 23 வரை நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய்.

ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டாது. 18 முடியும் முன்பே, இல்லக் கண்காணிப்பாளரையும் கூட்டிக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் மனு கொடுங்கள். படிக்க விரும்புவதை அதில் தெளிவாக எழுதட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அவன் பெயரில் வங்கிக் கணக்கு: நாலும் வெளியேறும் நாளில் அவன் கையில் இருக்க வேண்டும். பிறகு அலைவது கொடுமை.

இன்னொன்று. வாடகைக்கு அறை தேடும்போது "உனக்கு யார் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள்.