தண்ணீரைப் பின்தொடரட்டும் பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகளைக் கிராக்சைட் மாளிகைக்குக் கூட்டிப் போகப் போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அங்கே நிரப்புவதற்கென்று நான்கு பக்கக் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறாயே, அதை மட்டும் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போ. ‘இந்த அறையில் எத்தனை ஓவியங்கள்?’ என்று கேட்டால், பத்து வயதுப் பிள்ளை எண்ணி எழுதிவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடும். குனிந்த தலை நிமிரவே நிமிராது.

விக்டோரியா காலத்து வீடுகளில் சாமான்கள் அதிகம். எல்லா அறையையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால் சாயங்காலம் அவர்களுக்குக் கால் வலிதான் மிஞ்சும். பாதி அறைகளை விட்டுவிடு. கிராக்சைட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்று போதும், தண்ணீர்.

அதனால் வாசலில் தொடங்காதே. முதலில் ஏரிக்கரைக்குப் போ. வட இங்கிலாந்தின் ராத்பரி ஊருக்கு மேலே அந்தப் பாறைக் காட்டில் ஓடைகளைத் தடுத்து ஏரிகளாக்கியவர், மாளிகையின் சொந்தக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வக்கீலாக இருந்து எந்திரப் பொறியாளர் ஆனவர். 1878இல் ஓடைத் தண்ணீரால் டைனமோவை ஓட்டி, அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து, வீட்டின் ஓவியக்கூடத்தில் வில்விளக்கு ஏற்றினார். கேட்ஸ்ஹெட்டில் வாழ்ந்த கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் பல்புகள் 1880இல் அங்கே வந்தன. இதை அறைக்குள் நின்று சொன்னால் பாடமாகிவிடும். தண்ணீர் போன வழியைக் கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே நுழையும் பிள்ளை, விளக்கைத் தானே தேடும். நூலக அறையில் செம்பின் மேல் எனாமல் பூசிய ஜாடி விளக்குகளைக் காட்டு. அந்தக் காலத்தில் பாதரசக் கிண்ணத்தில் ஜாடியை வைத்தால் விளக்கு எரியும், தூக்கினால் அணையும். ஏன் என்று அவர்களே யோசிக்கட்டும். அவசரப்பட்டு நீ சொல்லிவிடாதே.

அதிக நேரத்தைச் சமையலறைக்கு ஒதுக்கு. இறைச்சி கோத்த கம்பியை அங்கே தண்ணீர்தான் சுழற்றியது. சாப்பாட்டை ஏற்றி இறக்கும் சிறு லிஃப்ட்டும் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடியது. மற்ற வீடுகளில் அடுப்பருகே வெந்துகொண்டு அந்தக் கம்பியைச் சுற்றியவர்கள் யார் என்று கேள். பிறகு, இத்தனை எந்திரம் இருந்தும் விடிவதற்கு முன்னே எழுந்து ஒவ்வொரு அறையிலும் சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டியது யார் என்று கேள். வேலைக்காரப் பெண்கள் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அங்கே கொஞ்சம் நில். சீமாட்டிகளின் உடையைவிட அந்தப் பெண்களின் கைகளைப் பற்றி உன் பிள்ளைகள் பேச வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று எவனாவது நிச்சயம் கேட்பான். மழுப்பாதே. கப்பல்துறைக் கிரேன்களில் வந்தது, பீரங்கியிலும் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் ஆம்ஸ்ட்ராங்கின் பீரங்கிகள் போயின. ‘அப்படியானால் அவர் நல்லவரா, கெட்டவரா?’ என்பார்கள். ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லும் வேலை உனக்கு வேண்டாம். இந்த வீட்டுக்குப் பணம் தந்த தொழிற்சாலை நியூகாசிலில் உன் பிள்ளைகள் குடியிருக்கும் எல்ஸ்விக்கில்தான் இருந்தது என்று சொல். 1871இல் ஒன்பது மணி நேர வேலை கேட்டு எந்திரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஐந்து மாதம் வேலை நிறுத்தம் செய்ததையும், முதலாளிகள் பக்கம் தலைமை தாங்கியவர் இதே ஆம்ஸ்ட்ராங் என்பதையும், கடைசியில் தொழிலாளர்கள் வென்றதையும் சொல். வகுப்பில் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்றாய். பெரிய வீட்டுக்கு விருந்தாளியாக வந்தோம் என்ற கூச்சம் அவர்களுக்கு இருக்கக் கூடாது. தங்கள் தெருவின் உழைப்பு இங்கே சுவராகவும் விளக்காகவும் நிற்கிறது என்று தெரிந்தால், அதே பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறு.

போகும் முன் ஒரு சனிக்கிழமை நீ மட்டும் போய் அந்த வழியை நடந்து பார். ஏரியிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பிள்ளைகளின் காலுக்கு ஒத்துவருமா, எங்கே எல்லாரையும் ஒன்றாக நிற்க வைக்கலாம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று குறித்துக்கொள். கடைசி அரை மணி நேரத்தைப் பரிசுப்பொருள் கடைக்குக் கொடுக்காமல், யாருக்கு எந்த இடம் பிடித்ததோ அங்கே ஆசிரியர் துணையோடு இன்னொரு முறை போய் வர விடு.

உன் பெரியம்மா