இருமுறை உதித்த சூரியன்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் மாறுவதில்லை. பயணநேரமோ வேகத்தையும் காற்றையும் பொறுத்தது. இதற்கு நம் நாட்டிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு.

1942ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீளப் பொருத்துமுகமாக, 1943 முதல் 1945 வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்குமிடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலினா நீர்விமானங்களைச் செலுத்தினர்.

தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர் எனக் கொண்டு வகுப்பின், 28¼ மணி நேரமாகும். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசின், அது 32 மணியைக் கடக்கும். இடையில் இறங்காத பயணமாதலின், அம்மிகுதி நேரத்திற்கும் எரிபொருளைச் சுமத்தல் வேண்டும். எனவே மூவருக்கு மேற் பயணிகள் ஏற்றப்பட்டிலர். பகைவர் அறியாவண்ணம் வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களை நோக்கி வழியறிந்தனர். ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயங் கண்டனர். 271 பயணங்களில் ஓருயிரேனும் இழக்கப்படவில்லை.

மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் ஜெற் விமானம் அத்தூரத்தை ஏறத்தாழ 6¼ மணியிற் கடந்துவிடும். இக்கணக்கைச் செய்யும் மாணவர், விடையாக வரும் மணிகளை விழித்திருந்தே கடந்தோரையும் நினைவிற் கொள்வாராக.