பழைய ஷெல்லை வீசாதீர்கள்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் பதுளைப் பக்கத்துக் கராஜ்களில் இரண்டு கூட்டம் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று கொழுந்து லொறிக்காரர்கள், இன்னொன்று பந்தயக்காரர்கள். 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயமும், எங்கள் மாவட்டத்துத் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயமும் ஏப்ரல் சீசனில்தான் வரும். மகாகஸ்தோட்டவில் கார் நின்ற இடத்திலிருந்து பாயும், எக்சிலேட்டர் தரையைத் தொடும், சீக்கிரமே எல்லாம் முடிந்துவிடும். ஓட்டம் மேட்டில் என்பதை விட்டால், டிராக் பந்தயத்தில் ரொட் பெயரிங் படும் பாடு இங்கேயும் அப்படியே. அந்தப் பெயரிங்கின் இரண்டு பாதிகளைத்தான் ஷெல் என்கிறோம்.

பண்டாரவளை இளைஞர் ஒருவர் 1300 சிசி ஃபோர்ட் லேசர் ஒன்றைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஒரே வருசத்துல ரெண்டு செட் ஷெல் போட்டாச்சு. ஒயில் பம்பும் புதுசு. இன்னும் அடிக்குது" என்றார். எல்லோரும் அவருக்குச் சொன்னது ஒரே வைத்தியம்: ஒயில் சரியில்லை, கெட்டியானதை ஊற்று. எங்கள் தொழிலில் புரியாத நோய் எல்லாவற்றுக்கும் ஒயில்மீதுதான் பழி விழும். ஆனால் அவர் பொருத்தியிருந்த மீட்டரில் அழுத்தம் குறையவே இல்லை. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பந்தயக்காரர்களின் பழைய கணக்கு. அதற்கு மேலேயே நின்றது.

எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றுவோம். ரொட்டின் கிராங்க் பக்கத்து முனையான பிக் எண்ட் தேய்ந்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தம் அடங்கும். இந்த எஞ்சினில் எதைக் கழற்றினாலும் கொஞ்சம் அடங்கியது. நான்கிலும் ஒரே குறை என்றால் தேய்மானத்தைவிடக் கட்டிய விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சம்ப்பைக் கழற்றுவதற்கு முன் ஒயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். இரும்பு அறுக்கும் வாளால் வெட்டினால் வாளின் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். அதற்கென்று உள்ள கட்டரால் வெட்ட வேண்டும். மடிப்புத் தாளை விரித்துக் காந்தம் பிடியுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் ஷெல்லின் நடு அடுக்குவரை போய்விட்டது. பந்தய ஷெல்களில் இரும்பு முதுகு, அதன்மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மிருதுவான ஒரு பூச்சு என்று இருக்கும். அந்த மேற்பூச்சு ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர்தான். நோயின் அடையாளம் எல்லாம் அந்த மெல்லிய பூச்சில்தான் பதிகிறது.

அதனால் ஷெல்லைக் கழற்றியதும் துடைக்காதீர்கள். எந்த ரொட், மேல் ஷெல்லா, ரொட்டின் கீழ் மூடியான கெப்பில் இருந்த கீழ் ஷெல்லா, எந்தப் பக்கம் எஞ்சின் முன்புறம் என்று முதுகில் எழுதி, இருந்த ஒழுங்கிலேயே வெள்ளைத் தாளில் அடுக்குங்கள். எட்டையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் பிறகு எந்தக் கெட்டிக்காரனாலும் காரணம் சொல்ல முடியாது.

லேசரின் ஷெல்களை அடுக்கியபோது படம் தெளிவாக வந்தது. நடுப்பகுதியில் பூச்சு அப்படியே இருந்தது. மேல் ஷெல்லில் இடது விளிம்போரம் செம்பு தெரிந்தது. கீழ் ஷெல்லில் வலது விளிம்போரம். நான்கு ரொட்டிலும் இதே கதை. இது வழக்கமான தேய்மானமே இல்லை. இரண்டு ஷெல்லும் சேரும் மூட்டருகில் ஷெல் வேண்டுமென்றே சற்று மெல்லியதாகச் செய்யப்படுகிறது. அந்த இடத்தை கிராங்க் தொடவே கூடாது. மேலே ஒரு பக்கம், கீழே எதிர்ப்பக்கம் என்று தொட்டிருந்தால், கெப் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஷெல் இல்லாமல் கெப்பை மட்டும் ரொட்டில் வைத்து, டோர்க் ரென்ச்சால் முழு இறுக்கம் கொடுத்து, துளைக்குள் மூட்டின்மீது நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு படி தட்டுப்பட்டது. போர் கேஜும் அதையே சொன்னது. "போல்ட் மாத்தினீங்களா தம்பி?" என்று கேட்டேன். பந்தயத்துக்கென்று விற்கும் பலமான ரொட் போல்ட் வாங்கிப் போட்டிருக்கிறார். நல்ல போல்ட்தான். ஆனால் அந்த ரொட்டில் கெப்பைச் சரியான இடத்தில் நிறுத்துவதே போல்ட்டின் தண்டுதான். புதிய தண்டின் அளவு சற்று வேறு; அது கெப்பைத் தள்ளிவிட்டது. பழைய போல்ட்டைப் போட்டு இறுக்கியதும் படி மறைந்தது. அதன்பின் சந்தேகத்துக்கு இடமில்லை.

போல்ட் மாற்றினால், அந்தப் புதிய போல்ட்டை முழு டோர்க்கில் இறுக்கிவைத்தே ரொட் துளையை மறுபடி ஹோன் செய்து வட்டமாக்க வேண்டும். ஷெல் விலையோடு ஒப்பிட்டால் கூலி அதிகம் என்று இதைத் தவிர்க்கிறார்கள். நாங்கள் நான்கு ரொட்டையும் கொழும்புக்கு அனுப்பி அந்த வேலையைச் செய்து வாங்கினோம். அதற்குப் பின் அந்த எஞ்சின் ஷெல் கேட்டு வரவில்லை.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு நோய் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் ட்யூன் செய்த கார்ப்பரேட்டர் கார் அங்கே ஏறியதும் பெற்றோல் அதிகமாகிவிடும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலில் கலக்கும், ஒயில் நீர்த்துப் போகும். அப்போது ஷெல்கள் எல்லாவற்றிலும் பரவலாகப் பூச்சு வழித்தெடுத்ததுபோல் இருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். இதற்குப் பயந்து மலையில் கார்ப்பரேட்டர் ஜெட்டைக் குறைத்துவிட்டு, அதே ஜெட்டோடு கீழ்நாட்டுப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதைவிட மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள். கலவை வறண்டு எஞ்சின் நொக் அடிக்கும்; 95க்குப் பதில் 92 பெற்றோல் என்றால் இன்னும் கடுமை. ஒவ்வொரு அடியும் பிஸ்டன் வழியாக மேல் ஷெல்லின் நடுவில்தான் இறங்கும். மேல் ஷெல்லின் நடு மட்டும் நொறுங்கிக் கீழ் ஷெல் புதிதாக இருந்தால் ஒயிலைத் திட்டாதீர்கள். டைமிங்கையும் ஜெட்டையும் பாருங்கள்.

மேல் ஷெல்லையும் கீழ் ஷெல்லையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது பந்தயக் கார் இல்லை, லொறி. பசறைப் பக்கம் தோட்டத்துப் பாதையில் பாரத்தோடு ஏறும்போது கியர் குறைக்காமல் எஞ்சினை முக்கவிடும் டிரைவரின் லொறியில் மேல் ஷெல் போகும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, வெல்லவாய என்று சின்ன கியரில் அலறவிட்டு இறக்கும் லொறியில் கெப்பில் இருக்கும் கீழ் ஷெல் போகும். எரியும் வாயுவின் அழுத்தம் மேலே விழுகிறது. அதிவேகத்தில் பிஸ்டனும் ரொட்டும் தூக்கியெறியும் விசையைக் கெப் தாங்குகிறது. ஷெல்லைப் பார்த்து, "இறக்கத்துல ரெண்டாம் கியரா?" என்று கேட்டால் டிரைவர், "பாஸ், யாரு சொன்னது?" என்று முழிப்பார். பந்தயத்தில் கியர் தவறிச் சுற்று எல்லை தாண்டினாலும் இதே கீழ் ஷெல்தான் சாட்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல் ஷெல்லில் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லில் எதிர் ஓரமும், அதாவது முன்னும் பின்னுமாகத் தேய்ந்தால் ரொட் வளைந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே ஓரம் என்றால் கிராங்க் ஜர்னல் கூம்பாகியிருக்கலாம். மைக்ரோமீற்றரால் இரு முனையிலும் அளக்கவேண்டும். புள்ளிபுள்ளியாகக் குத்தியிருந்தால் தூசி. ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பழைய கணக்கு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 50 மில்லிமீற்றர் ஜர்னலுக்கு 0.05. அதை மூட்டுப் பக்கம் அளக்காமல், மூட்டுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக அளக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னும் சாகாத ஒரு வித்தை உண்டு: கெப்பை அரத்தால் ராவுவது, ஷெல்லுக்குப் பின்னால் சிகரட் பெட்டியின் ஈயத்தாளை வைப்பது. சத்தம் ஒரு வாரம் அடங்கும். துளை கோணலாகும், ஷெல்லின் சூடு ரொட்டுக்கு இறங்காது, பிறகு கிராங்கும் சேர்ந்து போகும். தோட்டத்தில் பாகம் கிடைக்காத காலத்தில் இது பிழைக்கும் வழியாக இருந்திருக்கலாம். பந்தய எஞ்சினில் இதைச் செய்பவரிடம் நான் சாவியைக் கொடுக்கமாட்டேன்.

அமெரிக்க டாப் ஃபியூவல் டிராக் குழுக்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் எஞ்சினைப் பிரித்து ரொட் பெயரிங்கைப் பார்க்கின்றன. நம்மால் அது முடியாது, தேவையும் இல்லை. ஒரு சீசனுக்கு ஒருமுறை, மேல் ஷெல் ஒன்றையும் கீழ் ஷெல் ஒன்றையுமாவது கழற்றிப் பாருங்கள். வெளிக் கராஜில் எஞ்சின் கட்டக் கொடுத்தால் பழைய ஷெல்களை ரொட் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். கூலி கொடுப்பது நீங்கள், அவை உங்களுடையவை.