இருபது லிட்டர் கொதிக்க எந்த அடுப்பு?



நவராத்திரி, பொங்கல், சீமந்தம், ஆண்டு நிறைவு என்று ஏதாவது ஒரு காரணத்திற்காக நம் வீடுகளில் வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டி வருகிறது. ஊரில் என்றால் கொல்லைப்புறத்தில் கோட்டை அடுப்பு மூட்டி, அண்டாவை ஏற்றிவிடலாம். லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கொல்லைக்கு எங்கே போவது? ஆகவே சமையலறையிலோ, பால்கனியிலோ, மாடிப்படி வளைவிலோ ஏதோ ஒரு அடுப்பை வைத்துச் சமாளிக்கிறோம். எந்த அடுப்பு என்பதை வசதி பார்த்துத் தீர்மானிக்கிறோமே தவிர, கணக்குப் பார்த்தும் ஆபத்துப் பார்த்தும் தீர்மானிப்பதில்லை. ரயில்வேயில் கொதிகலன்களோடு பழகியவன் என்ற உரிமையில் அந்தக் கணக்கை இங்கே எளிமையாகத் தருகிறேன்.

முதல் கணக்கு: எவ்வளவு வெப்பம் வேண்டும்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி தேவை. சாம்பாரும் ரசமும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் இதே கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டு வர 20 × 75 = 1500 கிலோகலோரி. மின்சாரத்தில் ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட். இது பாத்திரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம். அடுப்பில் எரிக்க வேண்டியது இதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதில்தான் அடுப்புக்கு அடுப்பு வித்தியாசம்.

நிலக்கரி உனுன்

பழைய வாளிக்குள் களிமண் பூசி, இரும்புக் கம்பி வைத்த உனுனைக் கல்கத்தாவில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்கால மாலைகளில் தெருவெல்லாம் அதன் புகை படுத்துக் கிடக்கும். அதன் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்குதான் பாத்திரத்தில் ஏறும். நம் 20 லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ நிலக்கரி வேண்டும். நீராவி எஞ்சினைக் கேலி செய்ய இடமில்லை. அதன் திறனும் பெரும்பாலும் பத்து சதவீதத்தைத் தாண்டியதில்லை. 1970இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினைக் கட்டி முடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திறன் குறைவு என்பது பணத்தோடு போகும். உனுனின் உண்மையான ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு பற்றிக்கொள்ளும் இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது பிடித்துக்கொள்கிறது. கரி கனன்று, புகை அடங்கி, “இப்போது நன்றாக எரிகிறது” என்று உள்ளே எடுத்து வரும் நேரத்தில்தான் இந்த வாயு நிறைய வெளிவரும். புகை இல்லை என்றால் விஷம் இல்லை என்று பொருளல்ல. உனுனோ, கரி அடுப்போ, நான்கு பக்கமும் திறந்த வெளியில் மட்டுமே எரிய வேண்டும். கண்ணாடி போட்டு மூடிய பால்கனி திறந்த வெளி ஆகாது.

சமையல் வாயு

இண்டேன் வாயுவின் முதல் இணைப்பு 1965இல் வழங்கப்பட்டது இந்தக் கல்கத்தாவில்தான். ஒரு கிலோ வாயுவில் சுமார் 10,900 கிலோகலோரி உண்டு. வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்தால் அறுபது சதவீதம் பயன்படுவதாகக் கொள்வோம். 1500 கிலோகலோரிக்கு 230 கிராம் வாயு செலவாகும். சிக்கனம்தான். ஆனால் வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஒரு மணிக்கு 170 கிராம் அளவில்தான் எரிக்கும். ஆகவே கொதி வரவே ஒன்றேகால் மணிக்கு மேல் பிடிக்கும். மூடி போடாவிட்டால் இன்னும் நேரமாகும். ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் 540 கிலோகலோரி அதனுடன் போய்விடுகிறது. சிறிய பர்னர் கொடுப்பதில் கணிசமான பங்கைத் திறந்த வாய் விழுங்கிவிடும். மூடிதான் மிகவும் மலிவான எரிபொருள்!

சமையல்காரர்கள் கொண்டுவரும் உயர் அழுத்த அடுப்பு மணிக்கு அரை கிலோவுக்கு மேல் எரிக்கும். தீ பாத்திரத்தைச் சுற்றி வெளியே ஓடுவதால் திறன் நாற்பத்தைந்து சதவீதம் என்றே வைத்தாலும், அரை மணியில் 20 லிட்டர் கொதித்துவிடும். வாயு 300 கிராம் ஆகும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை 70 கிராம்; அது பெரிதல்ல. பெரிய விஷயங்கள் வேறு:

உயர் அழுத்த அடுப்புக்கு அதற்கான ரெகுலேட்டரும் குழாயும் தனி. வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டரோடுதான் அதை வாங்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் அதை ஒட்டுப்போட்டு மாட்டுவது சட்டப்படியும் தவறு, புத்திப்படியும் தவறு.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாறச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுக்கிறது. வேகமாக எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, அழுத்தம் குறைந்து தீ மங்கும். ஜனவரி அதிகாலையில் இது சகஜம். உடனே சிலிண்டரைப் படுக்க வைப்பதும், அதன் மேல் வெந்நீர் ஊற்றுவதும் மிகவும் ஆபத்தான பழக்கங்கள். தீயைக் குறைத்துச் சற்றுப் பொறுத்திருப்பதே சரி.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடம் தேடும். அதனால்தான் மாடிப்படியின் கீழும், சாக்கடை மூடியின் அருகிலும் சிலிண்டரை வைக்கக் கூடாது. கசிவு என்று சந்தேகம் வந்தால் மின்விளக்குச் சுவிட்சைத் தொடாமல், சன்னல் கதவுகளைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

மின்சாரம்

இண்டக்‌ஷன் அடுப்பில் எண்பத்தைந்து சதவீதம் வெப்பம் பாத்திரத்துக்குள் போகிறது. நம் வேலைக்கு இரண்டு யூனிட் போதும். 2000 வாட் அடுப்பானால் ஒரு மணி நேரம். தீ இல்லை, வீட்டுக்குள் விஷ வாயு இல்லை. (நிலக்கரி மறையவில்லை, நம் ரயில் பாதை முடியும் பட்ஜ்பட்ஜில் சி.இ.எஸ்.சி. மின்நிலையத்தில் எரிகிறது!) ஆனால் மூன்று தடைகள் உண்டு. பித்தளை, வெண்கலம், அலுமினியப் பாத்திரங்கள் இதில் சூடாவதில்லை. பொங்கல் பானைக்கு இது உதவாது. 20 லிட்டரும் பாத்திரமும் சேர்ந்தால் 25 கிலோ. எல்லாக் கண்ணாடித் தட்டும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. மூன்றாவது, 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். பழைய ஃபிளாட்டுகளின் 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் முதலில் சூடாவது சாம்பார் அல்ல, சுவர். 15 ஆம்பியர் பிளக், நல்ல எர்த், தகுந்த கம்பி மூன்றும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்த பிறகே தொடங்குங்கள்.

முக்கு ராடு என்னும் இம்மெர்ஷன் ஹீட்டர் வெறும் தண்ணீருக்கு மட்டும். பருப்பும் வெல்லமும் அதன் மேல் படிந்து தீய்ந்துவிடும். மின் அதிர்ச்சி அபாயமும் உண்டு.

பீர் காய்ச்சுகிறவர்கள் சொல்லும் பாடம்

நம் பிள்ளைகள் குடியேறியுள்ள இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1963இல் அதற்கு உரிமம் தேவையில்லை என்று ஆயிற்று. அமெரிக்காவில் 1978இல் மத்திய அரசுச் சட்டம் அனுமதித்தது. மேற்கு வங்காளத்தில் உரிமமில்லாமல் செய்வது 1909ஆம் ஆண்டு வங்காள கலால் சட்டப்படி குற்றம். ஆகவே அந்த ஆராய்ச்சி இங்கே வேண்டாம்! ஆனால் அவர்கள் பிரச்சினையும் இதேதான்: வீட்டில் சுமார் 20 லிட்டரை எப்படிக் கொதிக்க வைப்பது? அவர்கள் முளைவிட்ட தானியச் சாற்றை ஒரு மணி நேரம் மூடியில்லாமல் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். வேண்டாத வாசனைகள் ஆவியோடு போக வேண்டுமாம். ஒரு மணியில் 2 லிட்டர் ஆவியானால் அதற்கே 1080 கிலோகலோரி. எனவே அவர்களுக்கு வலிமையான தீ இல்லாமல் தீராது. வீட்டு அடுப்பில் முடியாமல், பெரிய வாயு அடுப்போடு வெளித் தோட்டத்துக்குப் போகிறார்கள். அல்லது தனி மின்இணைப்போடு மின்சாரக் கொதிகலன் வைக்கிறார்கள். அதே பெரிய வாயு அடுப்பை மழைக்குப் பயந்து கார் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது என்று அங்கேயும் எச்சரிக்கிறார்கள்.

நமக்கு அந்த அவசியம் இல்லை. சாம்பார் ஒரு கொதி வந்து, மூடிக்குள் மெல்லக் கொதித்தால் போதும். கொதி வரவழைக்கப் பெரிய தீ. கொதியைக் காக்கச் சிறிய தீ. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பெரிய அடுப்பின் தேவையே பாதி குறைந்துவிடும்.

என் சிபாரிசு

1. இருபது லிட்டர் வரை ஃபிளாட்டுக்குள் சமைக்கலாம். ஆனால் ஒரே அண்டாவில் அல்ல. பத்துப் பத்து லிட்டராக இரண்டு பாத்திரம், வீட்டு அடுப்பின் இரண்டு பர்னர், இரண்டுக்கும் மூடி. சுமார் ஒரு மணியில் இரண்டும் கொதிக்கும். தண்ணீரில் ஒரு பகுதியை மின்சாரக் கெட்டிலில் சுடவைத்து ஊற்றினால் நேரம் இன்னும் குறையும்.

2. உயரமான பாத்திரத்தைவிட அடி அகன்ற பாத்திரம் நல்லது. கொதிகலனில் நூற்றுக்கணக்கான குழாய்கள் வழியாக வெப்பம் ஏறும். பாத்திரத்துக்கு அடிப்பாகம் ஒன்றுதான் வழி.

3. தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகி அடியில் கரி பிடித்தால் காற்றுப் போதவில்லை. விஷ வாயு உண்டாகிறது என்று பொருள். பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

4. இருபது லிட்டருக்கு மேல் போனால் கீழ்த்தளத் திறந்த முற்றம், வணிகச் சிலிண்டர், உயர் அழுத்த அடுப்பு. பால்கனியும் மாடிப்படியும் வேண்டவே வேண்டாம். கட்டடத்தில் இறங்கி ஓட இருப்பது அந்த ஒரே படிக்கட்டுதான்.

வாயு விலையும் மின்கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே நான் ரூபாயில் சொல்லவில்லை. 230 கிராம், 300 கிராம், இரண்டு யூனிட் என்ற எண்களை அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். செலவில் தெரியும் வித்தியாசம் சில ரூபாய்கள்தான். ஆகையால் அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது “எது மலிவு?” என்று கேட்பதற்கு முன், “எரிந்த காற்று எந்த வழியாக வெளியே போகும்?” என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் எந்த அடுப்பையும் மூட்டாதீர்கள். விருந்துக்கு வரும் ஐம்பது பேரும் நலமாக உண்டு, நலமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நம் எல்லோருடைய விருப்பமும்.