அண்ணாச்சி கடை நோட்டு

கேள்வி: சின்ன மளிகைக் கடை நடத்துகிறோம். விலைவாசி ஏறியதில் பழைய வாடிக்கையாளர்கள் குறைகிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, விருதுநகர்)

பதில்: 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த நோட்டுகள்தான். மறுநாள் வங்கிகளும் திறக்கவில்லை. பல வீடுகளில் அன்று அடுப்பு எரிந்தது, தெருமுனை அண்ணாச்சி கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்ததால். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் அந்த வசதி கிடையாது; உங்கள் கடையில் முடியும்.

ஆனால் கடன் நோட்டு கத்தி மாதிரி, கை பத்திரம். ஆளுக்கு ஒரு வரம்பு, மாதத்தில் ஒரு தேதி என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். பாக்கி ஏறினால், கூச்சத்தில் வாடிக்கையாளர் வேறு தெரு வழியாகப் போவார். பணமும் போகும், ஆளும் போவார்.

இன்னொரு வழி, அளவைச் சிறிதாக்குவது. 1983-ல் கடலூரில் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், பாட்டில் வாங்க முடியாதவர்களிடம் சிக் ஷாம்புவைச் சாஷேவில் கொண்டுபோனார். காலிச் சாஷேக்களைக் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றும் அறிவித்தார். கால் கிலோ பருப்பு கேட்பவரை முகம் சுளிக்காமல் கவனிப்பதும் இதே கணக்குதான். எடையில் மட்டும் கைவைக்கக் கூடாது. வீட்டில் இன்னொரு தராசு இருக்கும்!

இந்த மாதம் வராத பத்துப் பேரின் பெயரை இன்றே எழுதுங்கள். நாளைக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.